எந்த ளி?

பெரியாஸ்பத்திரி மூணாம் மாடியில்
பிறந்து நாலு நாளான பிள்ளையின் மணிக்கட்டில்
"பஞ்சவர்ணம், பெண், 2.900" என்று
என் பேரையும் அதன் எடையையும்
பிளாஸ்திரியில் கட்டியிருக்கிறார்கள்.

மூத்தவள் சுடர்விழி ஒரே பிடி.
"எம் பேரு முடியிற எழுத்துலதான் பாப்பாவுக்கும் முடியணும்.
இல்லைன்னா அது என் தங்கச்சி கிடையாது."
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க
ழி, ழி, ழி.
ஒவ்வொன்றுக்கும் முன்னால் கோடிட்ட இடம் விட்டிருந்தாள்.
நிரப்புவது எங்கள் பாடு.

சோணைமுத்துவுக்குச் செல்லூரில் வெல்டிங் பட்டறை.
அவர் கைக்கு வளையாத கம்பி இல்லை.
நாக்கு மட்டும் வளையாது.
மழை அவருக்கு மள,
வாழைப்பழம் வாளப்பளம்,
ஆறு வருசமாய் மகள் சொடர்விளி.
விழி என்றால் கண்.
விளி என்றால் கூப்பிடுவது.
கூப்பிட்டால் அவள் திரும்பாமல் இருந்ததில்லை.

தேன்மொழி என்றேன்.
எதிர்க்கட்டில் கருமாத்தூர் அக்கா சிரித்தார்:
"எங்க தெருவுல மூணு தேன்மொழி.
மூணுல எது வாயத் திறந்தாலும்
வட்டிக்காரன் வண்டிய விட்டுட்டு ஓடுவான்."

ஊழி என்றேன், சும்மா, சத்தம் பிடித்துப்போய்.
உலகம் முடிகிற காலம் என்று அர்த்தம் சொன்னதும்
ஊசி போட வந்த நர்ஸம்மா
என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
பிரஷர் எடுத்தார்.

"கோழி?" என்றாள் மூத்தவள். "அதுலயும் ழி இருக்குல்ல?"
உறையூருக்குப் பழைய பேரே கோழிதான்,
ஆனால் சோழன் ஊர்ப்பேரை வைத்துக்கொண்டு
மதுரையில் வளர்க்க முடியுமா பிள்ளையை?

தபாலில் பி.ஏ. தமிழ் பாதி படித்தவள் நான்.
நின்றுபோன அந்தப் பாதியில்
பேரில்லாத ஒருத்தி இருந்தாள்.
தலைவிக்குத் தூக்கம் கெட்டால் இவள் பேசுவாள்,
தலைவன் வராவிட்டால் இவள் சண்டைக்குப் போவாள்,
இவளுக்கு யார் மேல் ஆசை என்று
ஒரு பாட்டிலும் நான் பார்த்ததில்லை.
தோழி என்றேன்.
"தோளி", சொல்லிப் பார்த்தார் சோணைமுத்து.
தோள் உள்ளவள்.
துணியை விலக்கிப் பார்த்தேன்.
புளியங்கொட்டை அளவில் இரண்டு இருந்தன.
இதன் மேல் யாருடைய துக்கத்தையும்
இப்போதே ஏற்ற வேண்டாம் என்று மூடிவிட்டேன்.

ராத்திரி, ஃபேன் நின்று நின்று சுற்றுகையில்
ஆழி வந்தது.
ஆழத்திலிருந்து வந்த சொல்.
கடல். சக்கரம். மோதிரமும் அதுதான்.
கடல் இல்லாத ஊர் எங்களுடையது.
வைகை பாதி வருசம் மணலாய்க் கிடக்கும்.
சோணைமுத்து கடல் பார்த்தது ஒரே தடவை,
ராமேஸ்வரத்தில், அவர் அப்பாவின் சாம்பலோடு.
அதைச் சொல்லவில்லை அவர்.
"ஆளி", என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"கோயில் தூணுல பல்லக் காட்டிக்கிட்டு நிக்குமே, அதானே?"
அதுவும்தான்.
ஆளுகிறவள் என்றும் ஆகும்.
"நான் தப்பாச் சொன்னாக்கூட
நல்ல பேராத்தான் வருது", என்றார்
பூட்டைத் திறந்த திருடன் மாதிரி.

பதிவு ஜன்னலில் கண்ணாடிக்காரர் கேட்டார்:
"பேரு?"
"ஆழி."
"எந்த ளி?"
நான் வாயைத் திறக்குமுன்
மூத்தவள் எக்கிப் பேனாவைப் பிடுங்கி
படிவத்தில் எழுதினாள்.
ழியின் சுழி கட்டத்தைத் தாண்டி
அப்பா பேர் கட்டத்துக்குள் போய் நின்றது.
"இப்படியெல்லாம் எழுதக் கூடாது பாப்பா",
என்றாரே தவிர முத்திரை குத்திவிட்டார்.

ஆட்டோவில்
இரும்பு வாசனையோடு குனிந்து
"ஆளி, ஏ ஆளி", என்கிறார்.
பிள்ளை கொட்டாவி விடுகிறது.
பல்லில்லாத சின்ன வாய்க்குள்
நாக்கு தானாகப் பின்னால் மடிகிறது.
ழவுக்கு அவ்வளவு மடிந்தால் போதும்.